ஆனைமலைக்குக் கிளம்புமுன்: எந்த வாசல், எந்த மாதம்?

வணக்கம் நேயர்களே. ஆழியாறு அணையின் கரையில் நின்று பேசுகிறேன். எனக்குப் பின்னால் திரையில் தெரிகின்ற மலைத்தொடரைப் பற்றியதுதான் இன்றைய காணொளி. ஆனைமலைப் புலிகள் காப்பகத்துக்குப் போவதற்கு எப்படித் திட்டமிடுவது என்று கேட்டு வருகின்ற கடிதங்களில் பெரும்பாலானவற்றில் ஒரே கேள்விதான் இருக்கிறது: டாப்சிலிப், வால்பாறை, அமராவதி மூன்றையும் ஒரே நாளில் பார்த்துவிட முடியுமா? முடியாது என்பதே என் பதில். ஏன் முடியாது என்பதைப் புரிந்துகொண்டால், எப்படிப் போக வேண்டும் என்பதும் தானாகவே விளங்கிவிடும்.

கோயம்புத்தூர், திருப்பூர்க்காரர்களாகிய நமக்கு இந்த மலை மிகப் பக்கத்தில் இருப்பதனாலேயே, ஞாயிற்றுக்கிழமை காலையில் எழுந்து "ஒரெட்டுப் போய்விட்டு வந்துவிடலாம்" என்று கிளம்பிவிடுகிறோம். ஆனால் இது 950 சதுர கிலோமீட்டருக்கு மேற்பட்ட சரணாலயம். அதைச் சூழ்ந்திருக்கின்ற சுற்றுக்காட்டையும் சேர்த்தால் புலிகள் காப்பகத்தின் பரப்பு ஏறத்தாழ 1,480 சதுர கிலோமீட்டர். அடிவாரத்தில் சுமார் 340 மீட்டர் உயரத்தில் முள்காடாகத் தொடங்கி, 2,500 மீட்டரைத் தொடுகின்ற சிகரங்களில் புல்வெளியாக முடிகிறது. இடையில் இலையுதிர் காடு, தேக்கு, மூங்கில், பசுமைமாறா மழைக்காடு, சோலை என்று ஒவ்வொன்றும் தனித்தனி உலகமாக இருக்கின்றன. 1976-இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட இந்தக் காட்டின் சில பகுதிகள் 1989-இல் தேசியப் பூங்காவாகவும் ஆயின. 2012-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியத் தலமாக ஏற்ற மேற்குத் தொடர்ச்சி மலைப் பட்டியலில் இந்தக் காப்பகத்துக்குள் இருக்கின்ற கரியன் சோலையும் புல்மலையும் இடம்பெற்றிருக்கின்றன.

திட்டமிடுகிறவர்கள் முதலில் மனத்தில் வாங்கிக்கொள்ள வேண்டிய செய்தி, இந்தக் காட்டுக்குள் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்குப் பயணிகள் செல்லக்கூடிய சாலை கிடையாது என்பது. டாப்சிலிப்புக்குச் சேத்துமடை வழியாக ஏற வேண்டும். வால்பாறைக்கு இந்த ஆழியாறு வழியாக ஏற வேண்டும். அமராவதிக்கும் சின்னாறுக்கும் உடுமலைப்பேட்டை வழியாகப் போக வேண்டும். ஒவ்வொரு முறையும் இறங்கிச் சமவெளிக்கு வந்து, தென்னந்தோப்புகளைச் சுற்றிக்கொண்டு, அடுத்த வாசலுக்குப் போய் மீண்டும் ஏற வேண்டும். ஆகவே எந்த நாள் போகலாம் என்று நாட்காட்டியைப் பார்ப்பதற்கு முன்பு, எந்த நிலத்தைப் பார்க்கப் போகிறோம் என்று முடிவு செய்யுங்கள். மாதத்தை அந்த நிலமே சொல்லிவிடும்.

அது எப்படி என்றால், தென்மேற்குப் பருவக்காற்று மேற்கிலிருந்து வந்து வால்பாறைப் பக்கத்துச் சரிவுகளில் மோதி, கொண்டுவந்த ஈரத்தில் பெரும்பகுதியை அங்கேயே கொட்டிவிடுகிறது. வால்பாறைக்கு அருகிலுள்ள சின்னக்கல்லாறு தமிழகத்திலேயே மிகுதியாக மழை பெறும் இடங்களுள் ஒன்று. உயர்ந்த முகடுகளைக் கடந்து கிழக்கே அமராவதிக்கும் மஞ்சம்பட்டிப் பள்ளத்தாக்குக்கும் வருகின்றபோது அந்தக் காற்று வறண்ட காற்றாகிவிடுகிறது. அந்தப் பக்கத்துக்கு ஐப்பசி, கார்த்திகை மழைதான் மழை. ஆடி மாதத்தில் வால்பாறையில் குடையை மடக்க முடியாமல் நிற்கின்ற அதே நாளில், அமராவதிக் காட்டில் வெடத்தலான் முள்மரங்களுக்கு நடுவே புழுதி பறக்கும். இரண்டும் ஒரே காப்பகத்துக்குள் நடப்பவை.

டாப்சிலிப்பை முதலில் எடுத்துக்கொள்வோம். பொள்ளாச்சியிலிருந்து ஏறத்தாழ 35 கிலோமீட்டர். ஆனைமலை ஊரைத் தாண்டிச் சேத்துமடைச் சோதனைச் சாவடியில் பெயரைப் பதிந்து நுழைவுக் கட்டணம் செலுத்தி மேலே ஏற வேண்டும். மாசாணியம்மன் கோயில் திருவிழா நாட்களிலும் அமாவாசையிலும் ஆனைமலைச் சாலையில் கூட்டம் மிகுந்திருக்கும் என்பதால், அந்த நாட்களைத் தவிர்ப்பது நல்லது. மேலே வனத்துறை வண்டியில் காட்டுக்குள் அழைத்துச் செல்வார்கள்; கோழிகமுத்தி யானைகள் முகாமில், பல தலைமுறைகளாக யானைகளோடு வாழ்கின்ற மலசர் பழங்குடி மக்கள் பாகன்களாகவும், காவடிகள் எனப்படும் உதவிப் பாகன்களாகவும் இருப்பதைப் பார்க்கலாம். 2019-இல் காட்டிலிருந்து இறங்கி உடுமலைப் பக்கத்துக் கரும்புத் தோட்டங்களுக்கு வந்து நின்ற சின்னத்தம்பி யானையை நம் ஊர்க்காரர்கள் எவரும் மறந்திருக்க மாட்டார்கள். அவனைப் பிடித்துக் கொண்டு சேர்த்ததும் இந்தக் காட்டிலுள்ள வரகளியாறு முகாமில்தான்.

டாப்சிலிப்பில் நீங்கள் காண்கின்ற தேக்குக் காட்டைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் கப்பல் கட்டவும் ரயில் தண்டவாளக் கட்டைகளுக்காகவும் இங்கே மரங்களை வெட்டி, மேலிருந்து சரிவில் உருட்டிவிட்டார்கள். மொட்டையாகிப்போன மலையைத் திரும்பவும் காடாக்கியவர் ஹியூகோ வுட் என்கிற வன அதிகாரி. சட்டைப் பையில் தேக்கு விதைகளை நிரப்பிக்கொண்டு, கைத்தடியால் மண்ணில் குழி செய்து ஒவ்வொன்றாக இட்டுக்கொண்டே நடப்பார் என்று சொல்வார்கள். 1933-இல் இறந்த அவருடைய கல்லறை டாப்சிலிப்பில், அவர் வளர்த்த மரங்களுக்கிடையிலேயே இருக்கிறது. அதன்மேல், என் நினைவுச்சின்னத்தைத் தேடுகிறாயானால் சுற்றிலும் பார் என்ற பொருளில் லத்தீன் வாசகம் பொறிக்கப்பட்டிருக்கிறது. அங்கே போகிறவர்கள் யானையைப் பார்த்த கையோடு திரும்பிவிடாமல், அந்தக் கல்லறை வரை நடந்து, அண்ணாந்து ஒரு முறை பார்த்துவிட்டு வாருங்கள் என்று உளமாரக் கேட்டுக்கொள்கிறேன். இங்கிருந்து சாலை கேரளத்தின் பரம்பிக்குளத்துக்குள் போகிறது. அதற்குச் சாலை வழி இது ஒன்றுதான். நம் பி.ஏ.பி. (பரம்பிக்குளம்–ஆழியாறு பாசனத் திட்டம்) வாய்க்காலில் வருகின்ற தண்ணீரில் பெரும்பங்கு அங்கே தேங்குவது. அந்த அணையை நேரில் பார்க்க வேண்டும் என்பது விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர்களுக்கு இருக்கக்கூடிய ஆசைதான். ஆனால் அது வேறு மாநிலத்தின் தனிக் காப்பகம். தனி அனுமதி, தனிக் கட்டணம், தனி நாள் வேண்டும்.

வால்பாறைச் சாலையில் 40 கொண்டை ஊசி வளைவுகள் உண்டு. ஒன்பதாவது வளைவை நெருங்கும்போது வண்டியை மெதுவாக ஓட்டுங்கள். நம் மாநில விலங்கான வரையாடு, தடுப்புச் சுவரின்மீது நாலு குளம்புகளையும் ஒரு கையகலத்தில் ஊன்றி, கீழேயிருக்கின்ற பள்ளத்தைப் பொருட்படுத்தாமல் நிற்பதைப் பல நாட்களில் காணலாம். அதற்குச் சிப்ஸ் பொட்டலத்தை நீட்டுகின்றவர்களைக் காணும்போது எனக்கு மனம் பதறுகிறது. செங்குத்துப் பாறையில் மேய்ந்து வாழப் பிறந்த உயிரைச் சாலையோரத்தில் கையேந்த வைத்துவிட்டால், அடுத்த வளைவில் வேகமாக வருகின்ற வண்டிக்கு அது பலியாகும். புதுத்தோட்டம் அருகே சிங்கவால் குரங்குகள் சாலையைக் கடப்பதற்காக மரத்துக்கு மரம் பாலம் கட்டியிருக்கிறார்கள். அங்கேயும் அதே ஒழுங்கு வேண்டும். தேயிலைத் தோட்டங்களுக்கிடையே சிவப்பு விளக்கு எரிந்தால், பக்கத்தில் யானை நிற்கிறது என்று ஊர்க்காரர்களுக்குச் சொல்கின்ற எச்சரிக்கை அது. படம்பிடிக்க இறங்குவதற்கான அழைப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். ஆனி, ஆடியில் போவதானால் அட்டைக்கடி நிச்சயம். உப்பும் நீளமான காலுறையும் எடுத்துச் செல்லுங்கள்.

அமராவதிப் பக்கத்தை யாரும் சொல்வதில்லை. எனக்கு அது மிகவும் பிடித்த பகுதி. அணையில் சேற்று முதலைகள் இயற்கையாகவே பெருகி வாழ்கின்றன. கரையோரத்தில் முதலைப் பண்ணையும் இருக்கிறது. உடுமலையிலிருந்து மூணாறு செல்லும் சாலையில் ஒன்பதாறு சோதனைச் சாவடியைத் தாண்டினால், காலை வேளையில் யானைக் கூட்டம் சாலையைக் கடப்பதைக் காண வாய்ப்பு உண்டு. நட்சத்திர ஆமையும் சாம்பல் நிற மலை அணிலும் வாழ்கின்ற வறண்ட காடு அது. கார்த்திகை மழை ஓய்ந்த பிறகு, மார்கழியில் போனால் மரங்கள் துளிர்த்திருக்கும், வெயிலும் தணிந்திருக்கும்.

தேசியப் பூங்கா என்று சட்டப்படி அறிவிக்கப்பட்டவை கரியன் சோலை, புல்மலை, மஞ்சம்பட்டி ஆகிய மூன்று பகுதிகள். புல்மலைக்கும் மஞ்சம்பட்டிக்கும் சாதாரணப் பயணிகளை அனுமதிப்பதில்லை. ஆற்றுக்குப் பிறப்பிடமாக இருக்கின்ற புல்வெளியை மிதிக்காமல் விட்டால்தான் நம் வாய்க்காலுக்குத் தண்ணீர் வரும் என்பதால், அந்தத் தடையை நான் முழுமனத்தோடு ஆதரிக்கிறேன். பணம் கொடுத்தால் உள்ளே கூட்டிப்போகிறேன் என்று எவராவது சொன்னால் மறுத்துவிடுங்கள். பிடிபட்டால் வழக்கு உங்கள் பேரில்தான் பாயும்.

குழந்தைகளோடும் பெரியவர்களோடும் முதல் முறையாகப் போகிறவர்களுக்கு, தை மாதத்தில் டாப்சிலிப்பில் ஓர் இரவு தங்குவதையே பரிந்துரைக்கிறேன். வனத்துறை விடுதி அறைகளைக் காப்பகத்தின் இணையதளத்தில் முன்கூட்டியே பதிவு செய்துவிடுங்கள். வார இறுதி அறைகள் விரைவில் தீர்ந்துவிடும். மாசி முதல் சித்திரை வரை காட்டுத்தீ அபாயத்தால் திடீரென்று மூடிவிடுவதும், பெருமழையில் மண்சரிந்து சாலையை அடைப்பதும் உண்டு என்பதால், கிளம்புவதற்கு முதல் நாள் ஒரு முறை விசாரித்துக்கொள்ளுங்கள். பெட்ரோலைப் பொள்ளாச்சியிலேயே நிரப்பிக்கொள்ளுங்கள். தண்ணீரை எவர்சில்வர் பாட்டிலில் எடுத்துச் செல்லுங்கள், ஏனெனில் நெகிழிப் பைகளையும் பாட்டில்களையும் சாவடியிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். மாலையில் சாவடியை அடைக்கும் நேரத்தை ஏறும்போதே கேட்டுக்கொண்டு, அதற்கு ஒரு மணி நேரம் முன்பாகவே இறங்கத் தொடங்குங்கள்.