35 வயது ஸ்டாப்பருக்கு இன்னும் ஒரு வருடம்

வணக்கம். நாற்காலி கிடைக்காதவர்கள் சுவரோரமாகச் சாய்ந்துகொள்ளுங்கள், ரொம்ப நேரம் நிற்க வைக்கமாட்டேன். கோல் போடுகிறவரைப் பற்றிப் பேச ஊரில் ஆயிரம் பேர் இருக்கிறார்கள், அதனால் நான் ஃபுட்பாலில் கோலிக்கு முன்னால் பின்வரிசை நடுவில் நின்று கோலைத் தடுக்கிற ஸ்டாப்பரைப் பற்றிப் பேசலாம் என்று வந்திருக்கிறேன். அதிலும் வயதானவரைப் பற்றி. 34, 35 ஆகிவிட்டது, வருடக்கணக்கில் கேப்டன் பட்டையைக் கட்டிக்கொண்டு பின்வரிசையில் நின்றவர், ஜூன் 30ஆம் தேதியோடு ஒப்பந்தம் முடிகிறது. கிளப் இன்னொரு வருடம் நீட்டிக்க வேண்டுமா, மாலை போட்டு அனுப்பிவிட வேண்டுமா?

எந்த ரசிகரிடம் கேட்டாலும் இரண்டில் ஒரு பதில்தான் வரும். "இத்தனை வருடம் உழைத்தவரை இப்படியா அனுப்புவது?" என்பார் ஒருவர். "காலே நகரவில்லை, இன்னும் எதற்கு?" என்பார் இன்னொருவர். முதல் ஆள் முடிந்துபோன பத்து வருடத்துக்கு மறுபடியும் சம்பளம் கொடுக்கச் சொல்கிறார், இரண்டாவது ஆள் பிறந்த தேதியை மட்டும் பார்த்துவிட்டுத் தீர்ப்பு எழுதுகிறார். என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், கடைசி வரைக்கும் ஒளித்து வைத்துக்கொள்ள இது துப்பறியும் கதை இல்லை: கொடுக்கலாம், ஆனால் ஒரு வருடம், அதையும் டிசம்பருக்குள் சொல்லிவிட வேண்டும், அப்புறம் அவர் பக்கத்தில் யார் ஓடப்போகிறார் என்பதைப் பார்த்துவிட்டுத்தான் கையெழுத்து.

2021 ஜூன் 17, மாட்ரிட். ரியல் மாட்ரிட் கிளப்பின் கேப்டன் செர்ஜியோ ராமோஸுக்குப் பிரிவு விழா. 2005இல் 19 வயதுப் பையனாக செவியாவிலிருந்து வந்தவர், 16 வருடம், 671 ஆட்டம், டிஃபெண்டராக இருந்துகொண்டே 101 கோல். 2014இல் லிஸ்பனில் நடந்த சாம்பியன்ஸ் லீக் ஃபைனலில் அட்லெட்டிகோவிடம் தோற்றுவிட்டோம் என்று எல்லோரும் தலையில் கைவைத்த நேரத்தில் கார்னரில் வந்த பந்தைத் தலையால் முட்டிச் சமன் செய்தாரே, மாட்ரிட் ரசிகரிடம் அந்த கோல் விழுந்த நேரத்தை, "92:48" என்று மட்டும் சொல்லிப் பாருங்கள், கண் கலங்கிவிடும். அந்த மனிதர் விழா மேடையில் தொண்டை அடைக்கப் பேசினார், பிறகு நிருபர்களிடம் நடந்ததைச் சொன்னார். கிளப் ஒரு வருடம் தருகிறோம், சம்பளம் கொஞ்சம் குறையும் என்றது, இவர் இரண்டு வருடம் கேட்டார், இழுத்துக்கொண்டே போனது. கடைசியில் இவர் இறங்கி வந்து, சரி, ஒரு வருடமே போதும் என்று சொன்னபோது, அந்த ஆஃபருக்குக் கெடு முடிந்துவிட்டது என்று பதில் வந்ததாம். கெடு இருந்ததாக எனக்கு யாருமே சொல்லவில்லை என்றார் ராமோஸ்.

பால் பாக்கெட்டுக்குக் கெடு தேதி பார்த்திருக்கிறோம், 16 வருடம் ஆடிய கேப்டனுக்கும் உண்டு என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன். அந்த வாரம் முழுக்க மாட்ரிட் நிர்வாகத்தைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

ஆனால் அடுத்த வருடம் என்ன ஆயிற்று? ராமோஸ் பாரிஸ் செயின்ட் ஜெர்மைனுக்கு, அதாவது பி.எஸ்.ஜி.க்கு, இரண்டு வருட ஒப்பந்தத்தில் போனார். ஜூலையில் சேர்ந்தவர் முதல் ஆட்டம் ஆடும்போது நவம்பர் 28. காயத்துக்கு மேல் காயம். 2022 மார்ச்சில் பி.எஸ்.ஜி. மாட்ரிட்டுக்கே வந்து ஆடியது, மாட்ரிட்டின் பென்ஸிமா ஹாட்ரிக் போட்டு அவர்களை வெளியேற்றினார், அன்றைக்கும் ராமோஸ் காயத்தால் களத்தில் இல்லை. மாட்ரிட்டோ மிலிட்டாவையும், பேயர்னிலிருந்து காசில்லாமல் வந்த அலாபாவையும் நடுவில் நிறுத்தி அந்த வருடம் லீகையும் சாம்பியன்ஸ் லீகையும் சேர்த்து எடுத்தது. அனுப்பிய விதம் அசிங்கம், அனுப்பிய முடிவு சரி. இரண்டையும் குழப்பிக்கொண்டுதான் நான் அந்த வாரம் முழுக்கத் தொண்டைத் தண்ணீரை வீணாக்கியிருக்கிறேன்.

இப்போது அடுத்த ஆளைப் பாருங்கள், தியாகோ சில்வா. ராமோஸைவிட ஒன்றரை வயது மூத்தவர். பி.எஸ்.ஜி.யில் எட்டு வருடம், கேப்டன். 2020 ஆகஸ்டில் பேயர்னிடம் சாம்பியன்ஸ் லீக் ஃபைனலைத் தோற்றார், அதுதான் அங்கே அவருடைய கடைசி ஆட்டம். 35 முடிந்து 36 ஆகப்போகிறது, போதும் என்று விட்டுவிட்டார்கள். செல்சி காசு கொடுக்காமல் கூட்டிக்கொண்டது. ஒரு வருடம், பிடித்திருந்தால் இன்னொன்று.

அவருடைய முதல் லீக் ஆட்டம் வெஸ்ட் பிராமோடு. கையில் கேப்டன் பட்டை வேறு. 25ஆவது நிமிடத்தில் சாதாரணமாக வந்த பந்து அவர் காலுக்கடியில் நழுவிப் போக, எதிரணி ஃபார்வர்ட் எடுத்துக்கொண்டு ஓடினான், கோல். அரை மணி நேரத்துக்குள் செல்சி 3-0 பின்னால். (கடைசியில் 3-3 ஆக்கிவிட்டார்கள், அது வேறு கதை.) "கிழவனை எதற்கு எடுத்தார்கள்" என்று அன்று ராத்திரி பேசாதவர் இல்லை. நானும் பேசினேன், மறைப்பானேன்.

எட்டு மாதம் கழித்து, 2021 மே 29, போர்ட்டோ நகரத்தில் அதே மனிதர் சாம்பியன்ஸ் லீக் கோப்பையைத் தூக்கினார். ஃபைனலில் 39ஆவது நிமிடத்திலேயே காயப்பட்டு வெளியே போனார் என்றாலும், அங்கே வரைக்கும் கொண்டுவந்து சேர்த்த பின்வரிசைக்கு நடுநாயகம் அவர்தான். பி.எஸ்.ஜி. இவரை விட்டது, அடுத்த டிசம்பரில் கோச் டுகெலையும் வேலையை விட்டுத் தூக்கியது, ரெண்டு பேரும் லண்டனில் சேர்ந்து பாரிஸ் அதுவரை பார்த்திராத கோப்பையைத் தூக்கினார்கள். அதற்குப் பிறகு செல்சி ஒவ்வொரு வருடமாக நீட்டித்துக்கொண்டே போய் 2024இல், 39 வயதில், 155 ஆட்டத்தோடு அனுப்பி வைத்தது.

சரி, ராமோஸ் விஷயத்தில் விட்டது சரி, சில்வா விஷயத்தில் வைத்துக்கொண்டது சரி என்றால் வித்தியாசம் எங்கே? இதற்கு நான் எங்கள் டீம் அண்ணன் ஒருவரைத்தான் கூப்பிட வேண்டும்.

நான் செவன்ஸ், அதாவது அணிக்கு ஏழு பேர் ஆடும் ஃபுட்பால், ஆடிய காலத்தில் எங்களுக்கு ஸ்டாப்பராக ஒரு அண்ணன் ஆடுவார். நாற்பது தாண்டிவிட்டது, பனியனுக்குள் அடங்காத தொப்பை, வலது முழங்காலில் எப்போதும் ஒரு கிரேப் பேண்டேஜ். எதிரணி விங்கர் பந்தை வாங்குவதற்கு முன்பே இவர் இரண்டு அடி பின்னால், ஒரு அடி இடப்பக்கமாக நகர்ந்து நிற்பார், அந்தப் பையன் எங்களில் மூன்று பேரைத் தாண்டிக்கொண்டு மூச்சு வாங்க ஓடி வந்தால் பந்து நேராக அண்ணன் காலுக்கே வந்து சேரும். "நான் எதுக்குடா ஓடணும், அதுவே இங்கதானே வருது" என்பார். ஆனால் நாங்கள் கோல் ஆசையில் எல்லோரும் மைதானத்தின் அந்தப் பக்கம் ஏறிப் போய்விட்டால் மட்டும் அவருக்கு வயிறு கலங்கிவிடும். "டேய், எல்லாரும் இறங்கி வாங்கடா!" என்று கத்துவார். அவருக்குப் பின்னால் முப்பது கஜம் வெட்டவெளி. அங்கே ஒரு பந்து விழுந்தால் அவருக்கு எத்தனை அறிவு இருந்து என்ன, பதினெட்டு வயதுப் பையன் முந்திக்கொள்வான்.

ஐரோப்பாவிலும் இதே கணக்குதான், சம்பளம்தான் வேறு. வயதான டிஃபெண்டருக்குப் போவது முதல் பத்து கஜ வேகமும் திரும்பி ஓடும் வேகமும். போகாதது எங்கே நிற்பது என்கிற அறிவு, அது 30க்கு மேல் கூடவும் செய்யும். டுகெல் சில்வாவுக்கு என்ன செய்தார்? மூன்று பேர் பின்வரிசை போட்டு இவரை நடுவில் வைத்தார், வலப்பக்கம் அஸ்பிலிகுவேட்டா, இடப்பக்கம் ரூடிகர். திரும்பி ஓட வேண்டிய வேலையெல்லாம் அவர்களுக்கு, பார்த்துச் சொல்கிற வேலை இவருக்கு. ராமோஸோ பாய்ந்து, எம்பி, சறுக்கி ஆடுகிறவர், உடம்பையே மூலதனமாகப் போட்டவர், கடைசி மாட்ரிட் சீசனிலேயே அந்த உடம்பு மாதக்கணக்கில் படுத்துவிட்டது. ஆகவே ஒப்பந்தம் பேச உட்காருகிற இயக்குநர் பார்க்க வேண்டியது பிறப்புச் சான்றிதழை இல்லை. போன இரண்டு சீசனில் எத்தனை ஆட்டம் தவறவிட்டார், நம் கோச் பின்வரிசையை எவ்வளவு மேலே ஏற்றி நிறுத்துகிறார், பக்கத்தில் ஓடுகிறவன் யார். கோச்சை மாற்றினால் நேற்று வரைக்கும் நல்ல ஸ்டாப்பராக இருந்தவர் இன்று பாரமாகிவிடலாம், அவர் தப்பு ஒன்றும் இல்லை.

பணத்தைப் பற்றியும் கொஞ்சம். 1995இல் வந்த போஸ்மன் தீர்ப்புக்குப் பிறகு ஒப்பந்தம் முடிந்த ஆட்டக்காரர் பைசா கட்டணம் இல்லாமல் போகலாம், கடைசி ஆறு மாதத்தில் வெளிநாட்டு கிளப்போடு முன்கூட்டியே பேசி முடித்துக்கொள்ளவும் செய்யலாம். "சும்மா விட்டுவிட்டார்களே" என்று ரசிகர்கள் கிழவர்களுக்காக அலறுகிறார்கள். 35 வயதுக்காரரை விற்றாலும் பெரிதாக என்ன வந்துவிடப்போகிறது? உண்மையான நஷ்டம் இருபதுகளில் இருப்பவனைக் கோட்டை விடுவதில்தான். செல்சியையே எடுங்கள். 2022 ஜனவரியில் 37 வயது சில்வாவுக்கு அழகாக நீட்டிப்பு கொடுத்தது, அதே கோடையில் 29 வயது ரூடிகர் மாட்ரிட்டுக்கும் 26 வயது கிறிஸ்டென்சன் பார்சிலோனாவுக்கும் காசில்லாமல் போனார்கள். செல்சியின் அப்போதைய முதலாளி அப்ரமோவிச் மீது பிரிட்டன் அரசின் தடை வந்து கிளப் ஒப்பந்தமே போட முடியாமல் இருந்தது என்பது உண்மை, அந்தத் தடை வந்தது மார்ச்சில் என்பதும் உண்மை. ராமோஸ் விட்டுப்போன வீட்டுக்கு ரூடிகர் குடிபோனது எனக்கு எப்போதும் சிரிப்பு மூட்டுகிற விஷயம்.

லிவர்பூலும் 2024-25 சீசன் முழுக்க இதே நெருப்பில் நின்றது. சலா, வான் டைக், அலெக்சாண்டர்-ஆர்னால்ட், மூன்று பேருக்கும் ஒரே நாளில் ஒப்பந்தம் முடிகிற மாதிரி விட்டு வைத்திருந்தார்கள். ஏப்ரல் 11 சலா கையெழுத்திட்டார், ஏப்ரல் 17 வான் டைக், 34 ஆவதற்கு மூன்று மாதம் முன்பு, இரண்டு வருடத்துக்கு. பத்து நாளில் லீக் பட்டமும் உறுதியானது. இளையவர் ஆர்னால்ட், 26 வயது, மாட்ரிட்டுக்குப் போய்விட்டார்.

வான் டைக்குக்கு இரண்டாவது வருடமும் கொடுத்தது ஏன் என்று கேட்டால், அவர் இல்லாமல் ஒரு சீசன் ஓட்டிப் பார்த்தவர்கள் அவர்கள். 2020 அக்டோபரில் எவர்ட்டன் ஆட்டத்தில் அவருடைய முழங்கால் தசைநார் கிழிந்த பிறகு, முந்தைய வருடம் கோப்பை எடுத்த அணி சொந்த மைதானத்தில் தொடர்ச்சியாக ஆறு லீக் ஆட்டம் தோற்றது. சூடு கண்ட பூனை. ஆனாலும் நான் அந்த இடத்தில் இருந்தால் ஒன்றோடு நிறுத்தியிருப்பேன். முதல் வருடம் பெரும்பாலும் நல்லபடியாகத்தான் போகும், ஆபத்து குடியிருப்பது இரண்டாவது வருடத்தில். நெருக்கடியில், ஏப்ரலில் உட்கார்ந்து பேசினால் அந்த இரண்டாவது வருடத்தைக் கேட்காமல் எந்த ஏஜென்ட் எழுந்து போவார்? டிசம்பரிலேயே பேசியிருந்தால் கிளப் கை மேலே இருந்திருக்கும்.

செய்நன்றி என்பது இல்லையா என்று முன்வரிசையில் ஒருவர் தலையை ஆட்டிக்கொண்டிருக்கிறார், பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். இருக்கிறது. அதற்கு மாட்ரிட்டே நல்ல உதாரணமும் கொடுத்திருக்கிறது. 2024 அக்டோபர் 5, வில்லாரியல் ஆட்டத்தின் கடைசி நிமிடங்களில் 32 வயது கார்வஹாலின் முழங்கால் போனது. ஸ்ட்ரெச்சரில் கொண்டு போனார்கள். மறுநாளே கிளப் அறிவித்தது, ஒப்பந்தம் 2026 வரை நீட்டிக்கப்படுகிறது என்று. ஒரு வருடம்தான். ராமோஸுக்குக் கெடு தேதி காட்டிய அதே வீடு. இதை நன்றி என்று சொன்னால் ஏற்றுக்கொள்கிறேன், படுத்திருக்கிறவனிடம் போய்ச் சொன்னார்கள், சீக்கிரம் சொன்னார்கள், அளவாகச் சொன்னார்கள்.

செல்சி கேப்டன் ஜான் டெர்ரியின் கதை இதற்கு நேர் எதிர். 2016 ஜனவரியில் அவரே வெளியே வந்து நிருபர்களிடம் எனக்கு அடுத்த வருடம் இல்லை என்றார், மே மாதம் கிளப் மனம் மாறி ஒரு வருடம் கொடுத்தது. அந்த வருடத்தில் அவர் லீகில் ஆடியது ஒன்பது ஆட்டம். செப்டம்பரில் காயம், அதற்குள் புது கோச் கான்டே மூன்று பேர் பின்வரிசைக்கு மாறி வெற்றி மேல் வெற்றியாக அள்ளிக்கொண்டிருந்தார், டெர்ரிக்கு உள்ளே வர வழி இல்லை. கோப்பையும் வந்தது. கடைசி ஆட்டத்தில், அவருடைய சட்டை எண் 26 என்பதால், 26ஆவது நிமிடத்தில் பந்தை வேண்டுமென்றே வெளியே தட்டிவிட்டு, சகாக்கள் இரண்டு பக்கமும் வரிசையாக நிற்க அவரை வழியனுப்பினார்கள். சிலருக்கு அது உருக்கம், சிலருக்குக் கூத்து. எனக்கு என்னவோ, ஒரு லீக் ஆட்டத்தை நிறுத்தி வைத்து நடத்திய பிரிவுபசார விழா என்றுதான் பட்டது. அதற்காக அந்த ஒரு வருடம் தண்டம் என்று சொல்லமாட்டேன், பெஞ்சில் உட்கார்ந்து முகம் சுளிக்காமல் இருக்கிற கேப்டன் லேசில் கிடைக்கமாட்டார்.

2025 ஜூலையில் நியூ ஜெர்சியில் கிளப் உலகக் கோப்பை அரையிறுதி. ஒரு பக்கம் செல்சி, இன்னொரு பக்கம் பிரேசில் கிளப் ஃப்ளூமினென்ஸே, அவர்களுடைய கேப்டன் தியாகோ சில்வா, 40 வயது. முந்தைய சுற்றுகளில் இன்டர் மிலானையே வீட்டுக்கு அனுப்பிவிட்டு வந்திருந்தார்கள். செல்சிக்கு இரண்டு கோலும் போட்டது, சில நாள் முன்னால்தான் அவர்கள் வாங்கியிருந்த ஜோவாவ் பெத்ரோ, ஃப்ளூமினென்ஸேயிலேயே வளர்ந்த பையன். கோல் போட்டுவிட்டுக் கொண்டாடாமல் கையைத் தூக்கி மன்னிப்புக் கேட்பது போல நின்றான். செல்சி 2024இல் சில்வாவை அனுப்பியது தப்பா என்று அன்று ராத்திரி எனக்கு ஒரு நண்பர் ஃபோன் செய்து சண்டை போட்டார், நான் இல்லை என்றேன், அவர் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை. இதோ மூன்றாவது வரிசையில்தான் உட்கார்ந்திருக்கிறார். கையில் டிஃபெண்டர் பெப்பே பெயரை எழுதி வைத்துக்கொண்டுதான் வந்திருப்பார், 41 வயதில் போர்ச்சுகலுக்கு யூரோ ஆடினாரே என்று கேட்பார். மைக்கை முதலில் அவரிடம் கொடுங்கள்.