பழைய மெயின்ஃபிரேமை ஒரே அச்சில் வார்ப்பது ஏன் இவ்வளவு கஷ்டம்?

வணக்கம் நண்பர்களே. போன வாரம் பிரிக்ஃபீல்ட்ஸில் தே தாரிக் குடித்துக்கொண்டிருந்தபோது, வேலைக்குப் புதிதாக வந்த தம்பி ஒருவர் கேட்டார்: "அண்ணே, நாலு எல்பார், நாலுலயும் செட்டிங் வேற வேற, எல்லாத்தையும் ஒரே மாதிரி ஆக்கிட வேண்டியதுதானே?"

நியாயமான கேள்வி. மெயின்ஃபிரேம் என்ற பெரிய கணினியை உள்ளுக்குள் தனித்தனிக் கணினிகள்போல் பிரித்திருப்பார்கள், அதில் ஒரு பகுதிதான் எல்பார். ஐபிஎம், இன்றைய மெயின்ஃபிரேம்களின் முன்னோடியான சிஸ்டம்/360-ஐ அறிவித்தது 1964-இல். பழைய புரோகிராம் புது மெஷினிலும் ஓட வேண்டும் என்பதை அன்றிலிருந்து விடாமல் பார்த்துக்கொண்டதால், யாரும் எதையும் அஸ்திவாரத்திலிருந்து திரும்பக் கட்டவில்லை, வீட்டுக்கு அறை சேர்ப்பதுபோல் சேர்த்துக்கொண்டே போனார்கள். நம் ஊரில் இன்னொன்றும் நடந்தது: 1997 நிதி நெருக்கடிக்குப் பிறகு மலேசிய மத்திய வங்கியான பேங்க் நெகாரா உள்நாட்டு வங்கிகளை 10 குழுக்களாக இணைத்தது. இரண்டு வங்கி சேர்ந்தால் ஃபைல்களுக்குப் பெயர் வைக்கும் இரண்டு முறையும் ஒரே கூரைக்குள் வந்துவிடும்.

[திரையில்: பார்ம்லிப் மெம்பர் பட்டியல்]

சிஸ்டம் செட்டிங்குகள் இருக்கும் லைப்ரரியான பார்ம்லிப்பைச் சீராக்குவது அவ்வளவு கஷ்டமில்லை. மாறுகிற இடத்தில் சிஸ்டம் சிம்பல் என்ற குறியீட்டைப் போட்டால், ஒரே மெம்பரை (லைப்ரரிக்குள் இருக்கும் ஒரு ஃபைலை) எல்லா எல்பாரும் பகிர்ந்துகொள்ளும், மாறுகிற பெயர் மட்டும் தானாக நிரம்பும். என்னைக் கேட்டால், வில்லங்கம் டேட்டாசெட் (மெயின்ஃபிரேமில் ஃபைலை அப்படித்தான் சொல்வோம்) பெயரில்தான்.

முன்பு நான் வேலை செய்த ஓர் இடத்தில், புது விதிப்படி ஒரு டேட்டாசெட்டின் பெயரை மாற்றினோம். புரொடக்‌ஷன் லைப்ரரி முழுக்கத் தேடி எல்லா ஜேசிஎல்லையும் (ஜாப்பை ஓட்டச் சொல்லும் கட்டளைகள்) திருத்திவிட்டோம் என்றுதான் நினைத்தோம். ஆனால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஓடும் ஒரு ஜாப், ஓய்வுபெற்றுப் போனவரின் சொந்த லைப்ரரியில் கிடந்தது. ராத்திரி 2 மணிக்கு போன்: டேட்டாசெட் இல்லையாம். சரி என்று பழைய பெயரை அலியாஸாக, அதாவது மாற்றுப் பெயராகப் போட்டேன். திரும்ப விழுந்தது! அலியாஸ் வழியாக வந்தாலும் அனுமதியைச் சரிபார்க்கும் ராக்ஃப் பார்ப்பது உண்மையான பெயரைத்தான், அந்த ஜாப்பின் யூசர் ஐடிக்கோ புதுப் பெயரில் அனுமதியே இல்லை.

[திரையில்: எஸ்எம்எஃப் ரெக்கார்டு 14, 15]

அதனால் இப்போதெல்லாம் முதலில் எஸ்எம்எஃப்பைத்தான், அதாவது சிஸ்டத்தில் நடப்பதைப் பதிந்துவைக்கும் ரெக்கார்டுகளைத்தான் பார்க்கிறேன். படிக்கத் திறந்தால் 14, எழுதத் திறந்தால் 15, எந்த ஜாப் எந்த டேட்டாசெட்டைத் தொட்டது என்று இவை சொல்லிவிடும் (விஎஸ்ஏஎம் என்ற இன்னொரு வகை டேட்டாசெட்டுக்கு வேறு ரெக்கார்டு). ஒரு மாதத்து ரெக்கார்டு போதாது, வருடக் கணக்கு முடிக்கிற ஜாப்பும் சிக்க வேண்டும், 13 மாதமாவது வேண்டும்.

அப்புறம், அந்த ஜாப் விழுந்த அன்று காலையிலேயே, ஈப்போவில் இருந்த அந்த ஓய்வுபெற்ற பெரியவரைக் கூப்பிட்டேன். "இன்னும் ரெண்டு இருக்கே, தம்பி" என்று லைப்ரரி பெயரையே சொன்னார். இரண்டையும் அப்போதே பட்டியலில் சேர்த்தோம்.