சி ஏ டி, கேட்

ஆசிரிய நண்பர்களுக்கு வணக்கம்.

"சி ஏ டி கேட், கேட்னா பூனை." நாம் ஆங்கிலம் படித்தது இப்படித்தான், சொல்லிக்கொடுப்பதும் இப்படித்தான். ஒரு குழந்தையின் காதால் இதைக் கேட்டுப் பாருங்கள். சி, ஏ, டி மூன்றையும் சேர்த்தால் 'சியேடி' அல்லவா வரும்? தமிழில் ப, ட, ம் என்று எழுத்துகளைச் சொன்னாலே படம் வந்துவிடுகிறது. ஆங்கிலத்தில் எழுத்தின் பெயர் வேறு, ஒலி வேறு. எழுத்துகள் 26, ஒலிகளோ ஏறத்தாழ 44. பெயரை மட்டும் கொடுத்தால் பிள்ளை மனப்பாடம்தான் செய்யும்.

தமிழ்நாட்டுத் தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளுக்கு அடிப்படை எழுத்தறிவும் எண்ணறிவும் தர எண்ணும் எழுத்தும் திட்டம் 2022-ல் வந்ததிலிருந்து, பிள்ளைகளை அவர்கள் கற்றல் நிலைப்படி அரும்பு, மொட்டு, மலர் என்று பார்க்கப் பழகிவிட்டோம். நான் முதல் நிலையில் இருக்கும் அரும்புகளை நினைத்துத்தான் பேசுகிறேன். எஸ், டி, பி, ஐ, என் ஆகிய ஐந்தின் ஒலிகளை மட்டும் முதலில் கொடுங்கள். பின், டின், சிட், நிப் எல்லாம் அவர்களே படிப்பார்கள். க் கூட அ சேர்ந்தால் க என்று கூட்டத் தெரிந்த பிள்ளைகள் அவர்கள். அந்தத் திறமையை ஆங்கில வகுப்பின் வாசலில் கழற்றி வைக்கச் சொல்லாதீர்கள்.

அதே தமிழ்க் காது ஓரிடத்தில் இடறும். 'பம்பரம்' என்று சொல்லிப் பாருங்கள். இரண்டு 'ப'வும் ஒரே ஒலி இல்லை, ஆனால் எழுத்து ஒன்றுதான். ஆங்கிலத்தில் 'பென்'னுக்கு ஒரு பி, 'பஸ்'ஸுக்கு வேறொரு பி. அதனால்தான் 'பெரிய' என்று பொருள்படும் 'பிக்'கை எழுத நினைத்த பிள்ளை, 'பன்றி' என்று பொருள்படும் 'பிக்'கை எழுதிவிடுகிறாள். அது கவனக்குறைவு இல்லை. சிவப்பு மையால் சுழித்துவிட்டுப் போகாமல், தொண்டையில் விரல் வைத்து அந்த முதல் ஒலியை மட்டும் சொல்லச் சொல்லுங்கள். பஸ்ஸுக்கு அதிரும், பென்னுக்கு அதிராது.

சரி, எழுதுவதற்கு வருவோம். நாலு கோடு நோட்டில் பார்த்து எழுதினால் கையெழுத்து வரும், எழுத்து வராது. 'மை ஸ்கூல்' கட்டுரையை வகுப்பு முழுக்க ஒரே மாதிரி எழுதுவதும் அப்படித்தான்.

கடலோரப் பள்ளி ஒன்றில், நேற்று வீட்டில் நடந்ததை எழுதச் சொன்னேன். நான்காம் வகுப்புப் பையன் ஒருவன் எழுதினான்: "ஃபாதர் கோ சீ. நோ ஃபிஷ். மதர் நோ டாக்." இலக்கணம் இல்லை. ஆனால் அந்த வீட்டின் இரவு முழுவதும் அதில் இருந்தது. நான் பேனாவை எடுக்கவில்லை. "அப்புறம் என்ன ஆச்சு?" என்று மட்டும் கேட்டேன். மறுநாள் இன்னும் இரண்டு வரி எழுதிக்கொண்டு வந்தான். 'வென்ட்' என்ற சொல்லை அப்போதுதான் சொல்லிக்கொடுத்தேன். அவனுக்கு அது தேவைப்பட்டது.