பழைய கேமரோவுக்குப் பின்பக்க சஸ்பென்ஷன் கிட்: ஆர்டர் போடுறதுக்கு முன்னாடி அடியில போய்ப் பாருங்க

[திரை: லிஃப்டில் ஏற்றிய கார். கேமரா பின் ஆக்சிலை நோக்கி மெல்ல நகர்கிறது]

வணக்கம். லிஃப்ட்ல நிக்கிறது 1968 ஷெவ்ரொலே கேமரோ. இதுக்குப் பின்பக்க சஸ்பென்ஷன் கிட் தேட ஆரம்பிச்சீங்கன்னா, பளபளன்னு பெயின்ட் அடிச்ச கம்பிகளும் காயில்ஓவரும் (ஷாக் அப்சார்பரைச் சுத்தி காயில் ஸ்பிரிங் இருக்கிற ஒரே யூனிட்) வரிசையா வந்து நிக்கும். விலை சில நூறு டாலர்ல தொடங்கி பல ஆயிரம் டாலர் வரைக்கும் போகும். அந்தப் படங்களைக் கொஞ்ச நேரம் ஓரமா வச்சிட்டு, ஒவ்வொரு கிட்டுக்கும் ஒரே கேள்வியைக் கேளுங்க. டயர்ல இருந்து வர்ற விசை எந்த வழியா பாடிக்குப் போகுது? போய்ச் சேர்ற இடம் அதைத் தாங்குமா?

முதல்ல, ஏற்கனவே என்ன இருக்குன்னு பார்ப்போம்.

[திரை: லீஃப் ஸ்பிரிங், முன் கண்ணிலிருந்து பின் ஷாக்கிள் (பின் முனையைப் பிடிக்கும் ஆடும் இணைப்பு) வரை]

ஆக்சிலுக்கு ரெண்டு பக்கமும் லீஃப் ஸ்பிரிங். லாரிக்கு அடியில பார்த்திருப்பீங்க, அதே வகைதான். இது மூணு வேலை பார்க்குது. வண்டி எடையைத் தாங்குது. ஆக்சில் முன்னபின்ன, பக்கவாட்டுல நகராம பிடிச்சு வைக்குது. மூணாவது வேலைதான் இதுக்குப் பெரும்பாடு: ஆக்சில் முறுக்கிக்காம தடுக்கிறது.

அந்த முறுக்கு எவ்வளவுன்னு கணக்குப் போட்டுப் பாருங்க. இதுல சக்தி கூடின மாடலான எஸ்எஸ் 396 எஞ்சினோட டார்க், அதாவது முறுக்கு விசை, 415 பவுண்ட்-அடி. நாலு கியர் மன்சி கியர்பாக்ஸ்ல முதல் கியர் 2.52. பின் ஆக்சிலோட கியர் விகிதம் 3.55-ன்னு வச்சுக்குவோம். மூணையும் பெருக்கினா 3,700 பவுண்ட்-அடியைத் தாண்டுது. ஒரு அடி நீளக் கம்பியோட நுனியில இந்த முழுக் காரையும் தொங்கவிட்டா என்ன முறுக்கு வருமோ, கிட்டத்தட்ட அது. டயர் வழுக்காம ரோட்டைப் பிடிச்சா, அவ்வளவும் இந்த ஆக்சில் மேலதான் இறங்கும்.

சக்கரத்தை முன்னாடி உருட்டுற அதே விசை, ஆக்சில் கூட்டைப் பின்னாடி திருப்பப் பார்க்கும். டிரைவ் ஷாஃப்ட் வந்து சேர்ற பினியன் மூக்கு மேல எழும். ஸ்பிரிங் பாம்பு மாதிரி நெளியும். டயர் பிடியை விட்ட நொடியில ஸ்பிரிங் சட்டுனு நிமிரும். உடனே டயர் மறுபடி பிடிக்கும், ஸ்பிரிங் மறுபடி நெளியும். தட்-தட்-தட்னு பின்பக்கம் முழுக்கக் குதிக்கும். இதைத்தான் வீல் ஹாப்ங்கிறோம். கிராஸ் ஜாயின்ட் உடையறதும் ஆக்சில் ஷாஃப்ட் முறியறதும் பெரும்பாலும் அந்தக் குதியலுக்கு நடுவுலதான்.

இது ஜெனரல் மோட்டார்ஸுக்கும் தெரிஞ்ச விஷயம். 1967 கேமரோவுல ஒவ்வொரு பக்கமும் ஒரே ஒரு தகடுதான் ஸ்பிரிங். ரெண்டு ஷாக்கும் ஆக்சிலுக்கு முன்னாடியே இருந்துச்சு. சக்தி கூடின மாடல்களுக்கு வலது பக்கம் ஒரு முட்டுக்கம்பி கொடுத்தாங்க. 1968-ல ஒரு ஷாக்கை ஆக்சிலுக்கு முன்னாடியும் இன்னொண்ணைப் பின்னாடியும் மாத்தி வச்சாங்க. ஆக்சில் எந்தப் பக்கம் முறுக்கினாலும் ஒரு ஷாக் அதை எதிர்க்கும். சக்தி கூடின மாடல்களுக்குப் பல தகடு ஸ்பிரிங்கும் வந்துச்சு. உங்க கார்ல இதுல எது இருக்குன்னு முதல்ல பாருங்க. 60 வருஷத்துக்குக் கிட்ட ஆன கார், யார் யாரோ எதை எதையோ மாத்தியிருப்பாங்க.

இப்ப என் கருத்தை நேராவே சொல்லிடறேன். வார இறுதியில ஓட்டுற, எப்பவாவது டிராக் பக்கம் போற காருக்கு லீஃப் ஸ்பிரிங்கைக் கழட்டவே வேண்டாம். நல்ல பல தகடு ஸ்பிரிங், புது புஷ் (மூட்டுகள்ல இருக்கிற ரப்பர்), தரமான ஷாக், ஸ்பிரிங்குக்குக் கீழ அது நெளியாம தடுக்க ஒரு டிராக்‌ஷன் பார். அதோட, எஞ்சினைத் தாங்குற முன் சப்ஃப்ரேமையும் பின்பக்கம் பாடியோடயே சேர்ந்த ரெண்டு சட்டத்தையும் இணைக்கிற சப்ஃப்ரேம் கனெக்டர். கேமரோவுக்கு முழுநீள சேஸி கிடையாது. நடுவுல வெறும் தகடு பாடிதான். அந்த நடுப்பகுதி வளைஞ்சுக்கிட்டே இருந்தா, மேல எவ்வளவு விலை உயர்ந்த கிட்டை மாட்டினாலும் முழுப் பலன் வராது.

அப்படின்னா எப்ப மாத்தணும்? அகலமான டயர் போட்டு, வளைவுகள்ல வேகமா ஓட்டணும், ரோடு கோர்ஸ்ங்கிற வளைவுள்ள ரேஸ் பாதைக்குப் போகணும்னா மாத்தலாம். இந்த இடத்துல நிறையப் பேர் சறுக்கறாங்க.

[திரை: டிக்கியின் தரைத்தகடு, ஷாக்கின் மேல் போல்ட் துளை, மிக நெருக்கத்தில்]

ஒரு கார் பார்த்தேன். இதே மாடல். லீஃப் ஸ்பிரிங்கைக் கழட்டிட்டு, பழைய ஷாக் இருந்த அதே மேல் துளையில காயில்ஓவரை மாட்டியிருந்தாங்க. டிக்கி மேட்டைத் தூக்கினா, போல்ட் துளையில இருந்து முடி மாதிரி ஒரு விரிசல். விரலை வச்சு ஓட்டிப் பார்த்தேன், அடுத்த மடிப்பு வரைக்கும் போயிருந்துச்சு. சுத்தி பெயின்ட் செதில் செதிலா உதிர்ந்திருந்துச்சு.

காரணம் எளிமையானது. லீஃப் ஸ்பிரிங் வண்டியில ஷாக் எடையைத் தாங்கறதில்ல, குலுக்கலை அடக்கறதோட சரி. எடை ஸ்பிரிங்கோட ரெண்டு முனை வழியா சட்டத்துக்குப் போகுது. காயில்ஓவர்னு ஆனதும், பின்பக்க எடை மொத்தமும் அந்தத் தகட்டுத் துளையில வந்து உட்காருது. அதனால காயில்ஓவர் கிட் வாங்கினா, ரெண்டு சட்டத்துக்கும் குறுக்க ஒரு கிராஸ்மெம்பர் கிட்டோட வருதான்னு பாருங்க. அது இல்லாத கிட்டை இந்த காருக்கு வாங்காதீங்க. கிராஸ்மெம்பர் இருந்தாலும், ஆக்சிலுக்கு மேல சட்டம் வளைஞ்சு போற இடத்தையும் ஷாக்கிள் பக்கத்தையும் தட்டிப் பாருங்க. துரு பிடிச்ச சட்டத்துல வெல்டிங் நிக்காது.

ஸ்பிரிங் எவ்வளவு இறுக்கமா வேணுங்கிறதையும் ஊகத்துல முடிவு பண்ணாதீங்க. பின்பக்கத்தைத் தராசுல வச்சு எடை பாருங்க. காயில்ஓவர் எவ்வளவு சாய்ஞ்சு நிக்குதுன்னும் பாருங்க. 30 டிகிரி சாய்ஞ்சா, கோசைனோட வர்க்கம் 0.75. அதாவது ஒரு அங்குலம் அமுங்க 200 பவுண்ட் கேட்கிற ஸ்பிரிங் 150 மாதிரிதான் வேலை செய்யும். நண்பர் சொன்ன எண்ணையே நீங்களும் வாங்கி, வண்டி தொய்ஞ்சு நிக்கிறதுக்கு இது ஒரு காரணம்.

அடுத்தது லிங்குகள். லீஃப் ஸ்பிரிங் போயிட்டா, ஆக்சிலைப் பிடிச்சு வைக்க வேற கம்பிகள் வேணும். நாலு கம்பியும் இணையா இருக்கிற ஃபோர்-லிங்க்னா, பக்கவாட்டு நகர்வைத் தடுக்க பன்ஹார்ட் ராட் தனியா வேணும். அதோட ஒரு முனை ஆக்சில்ல, மறுமுனை பாடியில. ஆக்சில் மேல கீழ போகும்போது ஒரு வில் போட்டு லேசா பக்கவாட்டுல நகரும். கம்பி நீளமா, படுக்கையா இருந்தா அந்த நகர்வு ரொம்பக் குறையும். மேல் ரெண்டு கம்பியும் சாய்வா இருக்கிற ஃபோர்-லிங்க்னா பன்ஹார்ட் ராட் வேண்டாம்.

டார்க் ஆர்ம்னு ஒரு வகை உண்டு. டிஃபரன்ஷியல்ல இருந்து கியர்பாக்ஸ் பக்கம் வரைக்கும் நீளமா ஒரே கை. 1982-ல இருந்து 2002 வரைக்கும் கேமரோவுல கம்பெனியே கொடுத்த அமைப்பு இது. பினியன் மூக்கு எழும்பறதை நேரடியாத் தடுக்குது. ரோட்டுக்கும் வளைவுக்கும் சேர்த்து ஓட்டுறவங்களுக்கு எனக்கு ரொம்பப் பிடிச்சது இதுதான். லேடர் பார், அதாவது ஆக்சில்ல இருந்து முன்னாடி போற ஏணி மாதிரிக் கம்பி, நேர்கோட்டுல ஓட்டுற டிராக் ரேஸுக்கு மட்டும். வளைவுல பாடி சாயும்போது அது இறுகிப் பிடிச்சுக்கும்.

கம்பிகளோட முனையில என்ன புஷ் இருக்குன்னு கண்டிப்பா கேளுங்க. பாலியூரிதேன் புஷ் கெட்டியா இருக்கும், ஆனா பக்கவாட்டுல திருகிக் கொடுக்காது. சாய்வான மேல் கம்பியில அதைப் போட்டா, ஆக்சில் உருளும்போது அங்கயே சிக்கிக்கும். அந்த இடத்துக்கு உருண்டை மூட்டு உள்ள முனை நல்லது. அதுல சத்தமும் அதிர்வும் காருக்குள்ள வரும், தினமும் ஓட்டுறவங்க அதையும் யோசிச்சுக்கணும்.

இன்னொண்ணு. ஷெவெல் (ஷெவ்ரொலேயோட இன்னொரு மாடல்) வச்சிருக்கிற நண்பர் "போல்ட் பண்ணினேன், ஒரே நாள்ல முடிஞ்சது"ன்னு சொன்னா அதை உங்க கணக்குல சேர்க்காதீங்க. 1964 முதல் 1972 வரைக்குமான ஷெவெல்லுக்குத் தனி சேஸி உண்டு. பின்னாடி காயில் ஸ்பிரிங்கும் நாலு கம்பியும் கம்பெனியிலயே வந்தது. அவர் பழைய கம்பியைக் கழட்டி அதே இடத்துல புதுசை மாட்டினார். உங்க கார்ல அந்த இடமே கிடையாது, புதுசா உருவாக்கணும்.

[திரை: ஆக்சிலுக்கும் பெட்ரோல் டேங்குக்கும் நடுவில் குறுக்காக இருக்கும் சைலன்சர்]

ஆர்டர் போடுறதுக்கு முன்னாடி டேப்பை எடுத்துக்கிட்டு இங்க வாங்க. இந்த கார்ல சைலன்சர் ஆக்சிலுக்குப் பின்னாடி, டேங்குக்கு முன்னாடி குறுக்க படுத்திருக்கு. பன்ஹார்ட் ராடும் புது கிராஸ்மெம்பரும் இடம் கேட்கிறது இதே பகுதியிலதான். பல கிட்டுகளுக்கு எக்ஸாஸ்ட்டை மறுபடி வளைக்க வேண்டி வரும். அந்தச் செலவையும் இப்பவே சேர்த்து எழுதிக்குங்க.

மாட்டும்போது ஒரு விஷயம். ரப்பர் புஷ் உள்ள போல்ட்டுகளை லிஃப்ட்ல தொங்கும்போது கடைசி இறுக்கு இறுக்காதீங்க. கையால நுழைச்சு, நட்டை லேசா பிடிக்க வச்சு, காரை இறக்கி, முழு எடையும் டயர்ல நின்னப்புறம் டார்க் ரெஞ்ச் போடுங்க. தொங்கும்போது இறுக்கினா, வண்டி இறங்கின நிமிஷத்துல இருந்தே ரப்பர் முறுக்கின நிலையில நிக்கும், சீக்கிரம் கிழிஞ்சிடும். அப்புறம் 100 மைல் ஓட்டிட்டு வந்து, ஒவ்வொரு போல்ட்டையும் மறுபடி ரெஞ்ச் வச்சுப் பாருங்க.