250 ரூபாய்க்கு ஒரு பழைய கேசட், கூடவே மைக் மோகன் கதை

வணக்கம், வணக்கம். இன்றைக்கு எனக்கு ஒரே குஷி, அதை மறைக்கப் போவதில்லை. இதோ, கேமராவுக்குக் கிட்டே கொண்டுவருகிறேன், பாருங்கள். 'பயணங்கள் முடிவதில்லை'. 1982-இல் வந்த படம், இளையராஜா இசை, கம்பெனி வெளியிட்ட அசல் கேசட். அட்டையின் ஓரம் மஞ்சளித்திருக்கிறது, டப்பா மூடி கீலில் விரிசல் விட்டிருக்கிறது, மற்றபடி குறை சொல்ல ஒன்றுமில்லை. நேற்று இரவு முதல் பக்கம் தொடக்கத்திலிருந்து முடிவு வரை எங்கேயும் சிக்காமல் ஓடியது. அம்மா அடுக்களையிலிருந்தே கூடவே பாடினார். கேமரா முன்னால் வரமாட்டார் என்று உங்களுக்குத் தெரியும், அதனால் அதைப் பதிவு செய்யவில்லை.

விலையைச் சொல்லிவிடுகிறேன். எல்லோரும் கேட்கப் போவது அதைத்தான். இங்கே மதுரையில், திலகர் திடல் ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் வாங்கினேன். ஒரு பெரியவர் தார்ப்பாய் விரித்து, அதில் மிக்சி மோட்டார், ஸ்பானர், பூட்டு இல்லாத சாவிகள் எல்லாம் பரப்பி வைத்திருந்தார். அதற்கு நடுவே ஓர் அட்டைப் பெட்டி நிறைய கேசட். முக்கால்வாசி பக்திப் பாடல்கள். அடியில் கையை விட்டு எடுத்தால் இது. கை நடுங்கியது, ஆனால் முகத்தில் காட்டிக்கொள்ளவில்லை. காட்டினால் விலை ஏறிவிடும்.

"எவ்வளவு, அண்ணே?" என்றேன். "400" என்றார். நான் 150 என்றேன். "இதெல்லாம் இப்போது கிடைக்காது தங்கச்சி, சென்னையிலிருந்து வந்து அள்ளிக்கொண்டு போகிறார்கள்" என்றார். "அள்ளிக்கொண்டு போனவர்கள் இதை ஏன் விட்டுவிட்டுப் போனார்கள்?" என்று கேட்டேன். அவர் பதில் சொல்லாமல் வெற்றிலையை மடித்தார். நான் எழுந்து பாத்திரக் கடைப் பக்கம் போனேன். அங்கே ஒரு வெண்கலக் குத்துவிளக்கு பார்த்தேன், அதை இன்னொரு வீடியோவில் சொல்கிறேன். திரும்பி வந்தபோது 300-க்கு இறங்கியிருந்தார். அப்போதுதான் கேசட்டைத் திறந்து, அடிப்பக்கம் நடுவில் இருக்க வேண்டிய அந்தச் சிறிய கம்பளித் துண்டு விழுந்துவிட்டதை அவரிடம் காட்டினேன். 250-க்கு முடிந்தது. இரண்டு பேர் பிரியாணி சாப்பிட்டு எழுந்தால் இதைவிடக் கூடுதல் ஆகிறது. பிரியாணி மறுநாள் பாடுவதில்லை. அதனால் "250 ரூபாயா?" என்று யாரும் எழுத வேண்டாம், எனக்கு இது வெற்றிதான்.

அந்தக் கம்பளித் துண்டைப் பற்றி இரண்டு வார்த்தை. வைத்திருப்பவர்கள் உங்கள் கேசட்டையும் எடுத்துப் பாருங்கள். நாடா வெளியே தெரியும் பக்கத்தில், நடுவில் ஒரு மெல்லிய வளைந்த தகடு இருக்கும். அதன் மேல் விரல் நகத்தில் பாதிகூட வராத கம்பளி ஒட்டியிருக்கும். நாடாவை ஹெட்டோடு, அதாவது டேப் ரெக்கார்டரில் நாடாவிலிருந்து பாட்டை எடுக்கும் பாகத்தோடு, அழுத்திப் பிடிப்பது அதன் வேலை. அது விழுந்துவிட்டால் நாடா ஹெட்டைத் தொட்டும் தொடாமலும் ஓடும், ஓசை மங்கிவிடும். ஜால்ராவும் கிட்டார் கம்பியின் கூர்மையும்தான் முதலில் காணாமல் போகும். இந்தக் கேசட்டில் கிட்டார் போனால் அப்புறம் என்ன மிச்சம்?

அதனால் உடல் மாற்று அறுவை செய்தேன். ஒன்றுக்கும் உதவாத ஒரு கேசட்டின் கூட்டை எடுத்துக்கொண்டேன். நல்ல வேளையாக இரண்டுமே ஸ்க்ரூ போட்ட வகை, நான்கு மூலையில் நான்கு, நடுவில் ஒன்று. சில கேசட்டுகளில் கூட்டை உருக்கி ஒட்டியிருப்பார்கள், அவற்றைத் திறப்பதே பெரும் பாடு. ஸ்க்ரூவைக் கழற்றி மேல்மூடியைத் தூக்கும்போது கூட்டைச் சரிக்கவே கூடாது, மூலையில் இருக்கும் இரண்டு சிறிய உருளைகளும் உருண்டு ஓடிவிடும். இரண்டு சக்கரங்களையும் ஒரே நேரத்தில், நாடா தளராமல், இரண்டு கைகளாலும் தூக்கிப் புதுக் கூட்டில் உட்கார வைக்க வேண்டும். நாடாவின் அகலம் நான்கு மில்லிமீட்டர்கூட வராது, ஒரு முறை முறுக்கிக்கொண்டால் அந்த இடத்தில் பாட்டு காலி. விரல் படாமல் செய்தேன்.

ஆங், டேப் ரெக்கார்டர் கதையைச் சொல்லாமல் வந்துவிட்டேன். துபாயிலிருந்து மாமா கொண்டுவந்த, ரேடியோவும் டேப் ரெக்கார்டரும் சேர்ந்த அந்த டூ-இன்-ஒன்னை மழைக்கால வீடியோவில் திறந்து காட்டினேன் இல்லையா, பெல்ட் உருகித் தார் போலக் கிடந்ததே? ஒரு பழுதுபார்க்கும் கடைக்காரர் "இதற்கெல்லாம் இனி பாகம் வராது, எடைக்குப் போட்டுவிடுங்கள்" என்றார். எனக்கு அந்த வார்த்தையே பிடிக்காது. பஞ்சில் ஸ்பிரிட் தொட்டுச் சக்கரங்களில் ஒட்டியிருந்த கறுப்பை எல்லாம் துடைத்தேன். பெல்ட் ஓடும் வழியில் நூலைச் சுற்றி அளவெடுத்து, அதைவிடக் கொஞ்சம் சின்னதாக ஒரு பெல்ட் வரவழைத்துப் போட்டேன். ஓடியது. ஆனால் எஸ்.பி.பி. தூக்கக் கலக்கத்தில் பாடுவதாகக் கேட்டது. நாடா நொடிக்கு 4.76 சென்டிமீட்டர் ஓட வேண்டும், கொஞ்சம் குறைந்தாலும் சுருதி இறங்கிவிடும். மோட்டாரின் பின்பக்கம் ஒரு சிறிய துளை இருக்கிறது, அதற்குள் ஒரு குட்டி ஸ்க்ரூ. இதே பாட்டைச் செல்போனிலும் போட்டு, இரண்டு சுருதியும் சேரும் வரை அதை மயிரிழை மயிரிழையாகத் திருப்பினேன். சேர்ந்த அந்த நொடியில் கத்திவிட்டேன், பக்கத்து வீட்டு அக்கா எட்டிப் பார்த்தார்.

சரி, இப்போது எரிச்சலான விஷயத்துக்கு வருகிறேன். போன வீடியோவில் உங்கள் முதல் கேசட், முதல் கச்சேரி, முதல் சினிமாக் காதல் மூன்றையும் எழுதச் சொல்லியிருந்தேன். நிறையப் பேர் அழகாக எழுதியிருந்தீர்கள். என்னுடைய முதல் காதல் நடிகர் மைக் மோகன் என்று நான் சொன்னதற்கு ஒருவர், "அவர் பாடவும் இல்லை, பேசவும் இல்லை, வெறும் வாயசைப்புக்கா இவ்வளவு?" என்று எழுதியிருக்கிறார். அந்த 'வெறும்' என்ற சொல் என்னைத் தூங்கவிடவில்லை.

முதல் கேசட்டிலிருந்து சொல்கிறேன். சிலர் 'முதல் ஆல்பம்' என்றவுடன் கௌரவமாக ஒரு பெயரை எடுத்து வைக்கிறார்கள். எங்கள் வீட்டில் ஆல்பம் என்று எதுவும் நுழையவில்லை. டவுன்ஹால் ரோடு பக்கம் ஒரு சந்தில் ரெக்கார்டிங் சென்டர் இருந்தது. அண்ணன் காலி கேசட் ஒன்றும், கோடு போட்ட தாளில் பாட்டுப் பட்டியல் ஒன்றும் கொண்டுபோய்க் கொடுப்பான். 60 நிமிடக் கேசட், பக்கத்துக்கு 30 நிமிடம், ஆறேழு பாட்டுத்தான் அடங்கும். கடைக்காரர் பென்சிலால் பட்டியல் ஓரத்தில் நிமிடங்களைக் கூட்டிப் பார்த்து, "ஏழாவது பாதியில் வெட்டுப்படும், பரவாயில்லையா?" என்று கேட்பார். அண்ணன் பரவாயில்லை என்பான். அந்த ஏழாவது பாட்டு இதே படத்தின் 'இளைய நிலா'. இரண்டாம் சரணத்துக்கு முன்னால் டக்கென்று நின்றுவிடும். அண்ணனுடைய பட்டியலில் என் விருப்பத்துக்காகச் சேர்த்த ஒரே பாட்டு அது, அதற்குத்தான் அந்த இடம்! இன்று வரை அந்தப் பாட்டை எங்கே கேட்டாலும், அந்த இடம் நெருங்கும்போது என் காது நிற்கத் தயாராகிவிடும். நேற்று நிற்கவில்லை. முழுதாக ஓடியது. இந்தக் கேசட்டுக்கு நான் ஏன் இப்படி அலைந்தேன் என்று கேட்டவர்களுக்கு இதுதான் பதில்.

இப்போது மோகன். எண்பதுகளில் மைக்கைப் பிடித்து மேடையில் நின்றால் படம் ஓடும் என்கிற அளவுக்கு வந்த படங்கள் அவருடையவை. 'பயணங்கள் முடிவதில்லை', 'உதயகீதம்', 'இதயகோவில்' மூன்றிலுமே பாடகர். வெள்ளி விழா நாயகன் என்று போஸ்டரில் போடுவார்கள். என் பள்ளித் தோழிகள் கமல், ரஜினி என்று அணி பிரிந்து சண்டை போட்டுக்கொண்டிருந்தபோது நான் தனி அணி. அவர் அடிக்கமாட்டார், தொண்டை கிழியக் கத்தமாட்டார். சோகம் வந்தாலும் மெதுவாகச் சிரிப்பார். எனக்கு அது போதும்.

அவர் கன்னடத்திலிருந்து வந்தவர். முதல் படம் பாலு மகேந்திராவின் 'கோகிலா', 1977. தமிழிலும் பாலு மகேந்திராதான் 'மூடு பனி'யில் கொண்டுவந்தார். பெரும்பாலான தமிழ்ப் படங்களில் அவருக்குப் பேசியது எஸ்.என். சுரேந்தர். இதை அத்தைதான் எனக்குச் சொன்னார், வாழைக்காய் சீவிக்கொண்டே, சாதாரணமாக. "அந்தக் குரல் அவனுடையது இல்லையடி" என்றார். பாடியது எஸ்.பி.பி. என்பது கேசட் அட்டையிலேயே இருக்கும், அது தெரியும். பேசியதும் வேறொருவர் என்பது அன்றைக்கு இடியாக இறங்கியது. இரண்டு நாள் அத்தையோடு பேசவில்லை.

ஆனால் அதற்குப் பிறகு என்ன ஆனது தெரியுமா? நான் சுரேந்தரைத் தேட ஆரம்பித்தேன். 'ஊமை விழிகள்' படத்தில் சசிரேகாவோடு 'மாமரத்துப் பூவெடுத்து' பாடியவர் அவர்தான் என்று தெரிந்தபோது வானொலிப் பெட்டிக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். அதே குரல், இந்த முறை தன் சொந்தப் பெயரில்! ஒரு முகம், ஒரு பேச்சு, ஒரு பாட்டு என்று மூன்று பேர் சேர்ந்து ஒருவரைச் செய்து கொடுத்திருக்கிறார்கள். அந்த மூன்றும் ஒன்றோடொன்று இழைந்து பிசிறில்லாமல் நின்றது அவர்களுடைய திறமை. உதடு அரை நொடி பிந்தியிருந்தால் நான் காதலித்திருக்கவே மாட்டேன். அடுத்தவர் மூச்சு எங்கே வாங்குகிறார் என்று தெரிந்து அதே இடத்தில் தோளை ஏற்றி இறக்கி நடிப்பது சுலபம் என்று நினைக்கிறவர்கள், கண்ணாடி முன்னால் நின்று 'இளைய நிலா'வின் பல்லவியை மட்டும் செய்து பாருங்கள்.

இடையில் ஒன்று. 2024-இல் விஜய் நடித்த 'தி கிரேட்டஸ்ட் ஆஃப் ஆல் டைம்' படத்தில் மோகன் வில்லனாக வந்தார். சுரேந்தர் விஜய்யின் தாய்மாமன். என் பழைய காதலின் முகம், அதே காதலின் குரலுக்குச் சொந்தக்காரரின் மருமகனோடு மோதுகிறது. தியேட்டரில் பக்கத்தில் இருந்தவரிடம் இதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை, சொன்னேன். அவர் பாப்கார்னை நீட்டினார்.

முதல் கச்சேரி. அதுவும் இதே பாட்டுத்தான். சித்திரைத் திருவிழா சமயம், தமுக்கம் மைதானப் பொருட்காட்சி. அத்தைதான் கூட்டிப் போனார், ஆமாம், வாழைக்காய் அத்தைதான். டெல்லி அப்பளம் ஒரு கையில், மறு கை அத்தையின் முந்தானையில். மேடையில் மெல்லிசைக் குழு. பாடியவர் வெள்ளை பேன்ட் போட்டு, பாட்டு நோட்டைக் கையில் பிடித்திருந்தார். யாரோ துண்டுச் சீட்டு அனுப்ப, 'இளைய நிலா' என்று அறிவித்தார்கள். நான் பாடகரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆனால் பாட்டு மேடையின் ஓரத்தில் தொடங்கியது. நாற்காலியில் ஒடுங்கி உட்கார்ந்திருந்த ஒல்லியான ஒருவர் தலையைக் குனிந்தபடி கிட்டாரை வாசித்தார். டேப் ரெக்கார்டருக்குள் பிறப்பதாக நான் நம்பியிருந்த ஓசை அது. ஒரு மனிதனின் ஐந்து விரல்களிலிருந்து வந்துகொண்டிருந்தது.

நடுவில் ஒரு போலீஸ்காரர் மேடையேறி மைக்கை வாங்கி, பச்சைச் சட்டை போட்ட சிறுவன் காணாமல் போயிருப்பதாக அறிவித்தார். புல்லாங்குழல்காரர் நிறுத்திவிட்டார், தபேலா நின்றது. கிட்டார்காரர் நிறுத்தவில்லை. மெதுவாக, அறிவிப்புக்கு இடைஞ்சல் இல்லாமல், அதே சுற்றைத் திரும்பத் திரும்ப வாசித்துக்கொண்டே இருந்தார். பையன் கிடைத்துவிட்டான், அவனுடைய அம்மா மேடைக்குப் பக்கத்தில் அழுதுகொண்டே அவனை முதுகில் இரண்டு போட்டார். பாடகர் மைக்கை வாங்கி விட்ட இடத்திலிருந்து எடுத்தார். இரண்டாம் சரணம்! அண்ணன் கேசட்டில் இல்லாத இரண்டாம் சரணத்தை நான் அங்கேதான் ஒழுங்காகக் கேட்டேன்.

படத்தில் அந்தக் கிட்டாரை வாசித்தவர் ஆர். சந்திரசேகர் என்பதை வெகுகாலம் கழித்துத்தான் தெரிந்துகொண்டேன். இதோ, இந்த அட்டையைத் திருப்பிக் காட்டுகிறேன், பாருங்கள். பாட்டின் பெயர், பாடியவர், எழுதியவர், இசை. வாசித்தவர்கள் பெயர் ஒன்றுகூட இல்லை. அன்றைய கேசட் அட்டைகளில் இதுதான் வழக்கம். எனக்கு இது பிடிக்கவே பிடிக்காது. வாயசைத்தவரைக் கிண்டல் செய்பவர்கள், வாசித்தவரின் பெயரையாவது தேடிப் பிடித்துக் கீழே எழுதட்டும், அதை எல்லாக் கருத்துகளுக்கும் மேலே நிறுத்தி வைக்கிறேன்.

இரண்டாவது பக்கத்தை மறந்தே போனேன்! அதில் வேறொரு படத்தின் பாடல்கள். ஒரு கேசட்டில் இரண்டு படத்தைத் திணிக்கும் பழக்கம் எனக்குச் சுத்தமாகப் பிடிக்காது. அந்தப் பக்கத்தில் முதல் பாட்டிலேயே நாடா ஓர் இடத்தில் கசங்கியிருக்கிறது, அங்கே வரும்போது குரல் அமுங்கி அமுங்கி வருகிறது. கசங்கலை எப்படி நீவுவது என்று தெரிந்தவர்கள் கீழே எழுதுங்கள். வெந்நீர் டம்ளரில் ஒற்றி எடுக்கலாம் என்று ஒருவர் சொன்னார், எனக்கு அதில் நம்பிக்கை வரவில்லை. அடுத்த வாரம் அந்தக் குத்துவிளக்கு, அதற்குப் பாத்திரக் கடைக்காரர் சொன்ன விலையைக் கேட்டால் உங்களுக்கும் கோபம் வரும்.