காலை 5:40-க்கு மூன்று மிஸ்டு கால்

வணக்கம் மக்களே. தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய கேரள ஊரான கொழிஞ்சாம்பாறையிலிருந்து பேசுகிறேன். பின்னால் இரைச்சல் போடுவது பொள்ளாச்சி பஸ், கண்டுக்காதீங்க.

நேற்று காலை 7 மணிக்கு எழுந்து போனைப் பார்த்தால், 5:40-க்கு ஒரே நம்பரிலிருந்து மூன்று மிஸ்டு கால். தெரியாத நம்பர். தொடக்கம் 9447. முன்பெல்லாம் 9447 என்றால் கேரளா பிஎஸ்என்எல், 9443 என்றால் தமிழ்நாடு என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடலாம். 2015 ஜூலையிலிருந்து எந்த மாநிலத்துக்குப் போனாலும் அதே நம்பரோடு கம்பெனி மாறிக்கொள்ளலாம் என்று வந்த பிறகு, அந்தக் கணக்கு உதவாது. அதுவும் நம்ம ஊரில், ஒரே வீட்டில் அப்பாவுக்குக் கேரளா சிம், பையனுக்குத் தமிழ்நாடு சிம்.

சரி, காலர் ஐடி செயலியில் போட்டுப் பார்த்தேன். வந்த பெயர்: 'பால் சொசைட்டி பாக்கி'. சிரிக்காதீங்க. அதில் வருவது பெரும்பாலும் மற்றவர்கள் தங்கள் போனில் வைத்த பெயர்தான். யாரோ கடன் கொடுத்தவர் ஆத்திரத்தில் அப்படிப் பதிந்திருக்கிறார், ஊருக்கே அதுதான் பெயராகிவிட்டது.

அடுத்து வாட்ஸ்அப். படத்தில் ஒரு காங்கேயம் காளை. முகவரியா கேட்க முடியும்?

அப்புறம் யுபிஐ. பணம் அனுப்புவதுபோல் நம்பரைப் போட்டால், வங்கிக் கணக்கில் இருக்கும் பெயர் வரும். அதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும், பழக்கதோஷத்தில் பின் நம்பரை அடித்துவிடாதீங்க. எனக்கு வந்தது ஒரு அம்மாவின் பெயர். பால் பாக்கி, காளை, ஒரு அம்மா. மூன்றையும் சேர்த்தால் யாருமே கிடைக்கவில்லை.

'நம்பரைக் கொடுங்கள், முழு விலாசம் தருகிறோம்' என்று இணையத்தில் வருவதை நம்பாதீங்க. சிம் எந்த விலாசத்தில் வாங்கியது என்பது கம்பெனிக்குத் தெரியும், முறைப்படி கேட்டால் போலீசுக்குக் கிடைக்கும். நமக்குக் கிடைக்காது. பேசுகிறவர் ஓடிபி கேட்டாலோ மிரட்டினாலோ, யாரென்று துப்பறிய வேண்டாம். மத்திய அரசின் தொலைத்தொடர்புத் துறை நடத்தும் சஞ்சார் சாத்தி தளத்தில் 'சக்ஷு' என்று ஒரு பகுதி உண்டு, அதில் புகார் போடலாம். பணமே போய்விட்டால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-க்குப் போன் போடுங்க.

கடைசியில் செய்ததை முதலிலேயே செய்திருக்கலாம். 'வணக்கம், யார் பேசறீங்க?' என்று தமிழில் ஒரு வரி, கீழே மலையாளத்தில் 'ஆராணு?'. ஒரு நிமிடத்தில் வாய்ஸ் மெசேஜ் வந்தது, நல்ல தமிழில்.

"தம்பி, பக்கத்துத் தோப்புக் காவல்காரன் பேசறேன். சம்சாரம் போன் இது. உங்க மாடு கயித்த அத்துட்டு வந்து வாழைக்கன்னு பூரா மேயுது. மூணு தடவ கூப்பிட்டேனே!"

ஓடிப்போய்ப் பார்த்தால் பதினோரு கன்று காலி. நான் உட்கார்ந்து காளைப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில் எத்தனை போயிருக்குமோ!

கன்றுக்கான காசை அதே நம்பருக்கு யுபிஐயில் அனுப்பிவிட்டேன். 'தோப்பு அண்ணன்' என்று பதிந்தும் வைத்துவிட்டேன். அவர் என்னை என்ன பெயரில் பதிந்திருக்கிறார் என்று மட்டும் கேட்கவில்லை.