ஒரு வீடியோ கால்

நேயர்களுக்கு வணக்கம். சமூக ஊடகங்களும் சமூக மோதல்களும் என்று தலைப்பு கொடுத்துக் கூப்பிட்டிருக்கிறார்கள். நான் ஓசூர் சிப்காட் பக்கம் செல்போன் கடை வைத்திருப்பவன். கடையில் பார்த்ததிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

2023 மார்ச் முதல் வாரம். பிகார் தம்பி ஒருவன் ஷிப்டு முடிந்து வந்தான். தமிழ்நாட்டில் இந்தி பேசுகிறவர்களை வெட்டுகிறார்கள் என்று அவன் ஊர் வாட்ஸ்அப் முழுக்க வீடியோவாம். நல்லா இருக்கேன் என்று இவன் சொன்னாலும் அம்மா நம்பவில்லை. யாரோ மிரட்டிச் சொல்லவைக்கிறார்கள் என்று அழுகிறார். கடைசியில் வீடியோ கால் போட்டு என் கடை, எதிர் டீக்கடை, பஜ்ஜிச் சட்டி வரைக்கும் காட்டினான். "அண்ணா, நீங்களும் சொல்லுங்க" என்றான். எனக்குத் தெரிந்த அரைகுறை இந்தியில் சொன்னேன். என் மீசையைப் பார்த்து அந்த அம்மாவுக்குப் பயம் கூடியிருந்தாலும் ஆச்சரியமில்லை.

ஒரு வீடியோவில் மோதிக்கொண்டவர்கள் இரு தரப்பும் பிகார் தொழிலாளர்கள், இன்னொன்றில் கோவை உள்ளூர்க்காரர்கள் என்று போலீஸ் விளக்கியது. பிகாரிலிருந்து அதிகாரிகள் குழுவும் வந்து விசாரித்தது. அதற்குள் பயம் ஊர் சேர்ந்துவிட்டது.

கோபத்துக்கு இந்த வேகம் எங்கிருந்து வருகிறது? ஃபேஸ்புக்கில் 2017 முதல் கொஞ்ச காலம், ஒரு பதிவை எத்தனை பேருக்குக் காட்டுவது என்று போடும் கணக்கில் கோப முக எமோஜிக்கு லைக்கைவிட ஐந்து மடங்கு மதிப்பு இருந்தது. 2021-இல் வெளிவந்த அவர்களுடைய உள் ஆவணங்களே சொன்னவை. திட்டுவதற்காகத் தொட்டாலும் அந்தப் பதிவு இன்னும் பலர் கண்ணில் படும். வாட்ஸ்அப்பில் இந்தக் கணக்கு கிடையாது. அங்கே அனுப்புவது சித்தப்பா, நாம் எப்படிச் சந்தேகப்படுவோம்? 2018-இல் பிள்ளை பிடிக்கிறவர்கள் என்ற வதந்தி. நம் பக்கத்து மாவட்டம் திருவண்ணாமலையில், போளூர் அருகே, குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்த ஒரு மூதாட்டியை அடித்தே கொன்றார்கள். நாட்டில் பல இடங்களில் இப்படிச் சாவுகள் விழுந்த பிறகுதான், ஒரு தடவைக்கு ஐந்து சாட்டுக்கு மேல், அது ஆளோ குரூப்போ, ஃபார்வர்டு செய்ய முடியாதபடி வாட்ஸ்அப் மாற்றியது.

அதே போன்தான் 2017 ஜனவரியில் ஜல்லிக்கட்டுக்காக மெரினாவில் பிள்ளைகளைக் கூட்டியது. அதனால் போனைத் திட்ட மாட்டேன். விற்கிறவனே திட்டினால் வியாபாரம் என்னாவது?

சரி, அந்தத் தம்பி? ஹோலிக்கு என்று சொல்லி டிக்கெட் போட்டான். அறையில் இருந்த மற்ற மூன்று பேரும் கிளம்பினார்கள். ஜூனில் திரும்பி வந்து ரீசார்ஜ் செய்தபோது குரூப்பைத் திறந்து காட்டினான். வீடியோ அப்படியே இருந்தது. பொய் என்று அதன் கீழே ஒருவர்கூட எழுதவில்லை.